காற்று வரும் முன் தட்டையைக் கொளுத்தலாமா?

கேள்வி: ஐயா, வியாழன் முதல் சனி வரை வறண்ட காற்று வீசும், பகலில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கும், காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வரை போகும், தீ அபாயம் அதிகம் என்று வானிலை அறிவிப்பு வந்திருக்கிறது. மக்காச்சோளம் அறுத்த 6 ஏக்கரில் தட்டை அப்படியே நிற்கிறது. காற்று வருவதற்குள் நாமே கொளுத்திவிட்டால் எரிவதற்கு எதுவும் மிஞ்சாது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். செய்யலாமா? 3 வாரத்துக்கு முன் கட்டி அடுக்கிய குதிரைமசால் தீவனப் போர் மாட்டுக் கொட்டகையை ஒட்டி இருக்கிறது. கைவிட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக, சர்க்கரை காய்ச்சியது போல வாசனை வருகிறது. நன்றாகப் பதமாகிவிட்டது என்று நினைக்கிறேன். போர் தீப்பிடிக்காமல் இருக்க மேலே தூவச் சொல்லி கடைக்காரர் ஒரு பொடி தருகிறார். வாங்கலாமா? முந்தாநாள் தூறல் விழுந்ததால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறேன்.

பதில்: கொளுத்தாதீர்கள். மேலே சாம்பலாகத் தெரிந்தாலும் அடிக்கட்டையும் வேரும் உள்ளுக்குள் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். இன்று தீ வைத்தால், வியாழக்கிழமைக் காற்றுக்கு வேண்டிய நெருப்புக் கங்குகளை 6 ஏக்கரிலும் நீங்களே பரப்பி வைத்ததாக ஆகும். அறிவித்த நேரத்துக்கு அரை நாள் முந்தியும் காற்று வரலாம். அதோடு, தட்டையில் இருக்கும் நைட்ரஜன் கிட்டத்தட்ட முழுவதும் புகையோடு போய்விடும். அதையே அடுத்த பயிருக்கு யூரியாவாகக் காசு கொடுத்து வாங்குவீர்கள்.

தட்டைக்குக் கலப்பைதான் வழி. காற்று வரும் திசையிலும் கொட்டகையைச் சுற்றியும் 5 மீட்டர் அகலத்துக்கு மண் தெரிய உழுதுவிடுங்கள். அதிகாலையில், பனி ஈரம் காய்வதற்குள் உழவை முடியுங்கள். கொழு கல்லில் மோதித் தெறிக்கும் ஒரு பொறி போதும், காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். பலத்த காற்றில் கங்கு 5 மீட்டரைத் தாண்டியும் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் தரையோடு ஊர்ந்து வரும் தீ வெற்று மண்ணில் நின்றுவிடும்.

தூறலை நம்பாதீர்கள். சருகும் காய்ந்த புல்லும் வறண்ட காற்று பட்டால் ஓரிரு மணி நேரத்தில் பழையபடி காய்ந்துவிடும். 30 டிகிரிக்கு மேல் வெப்பம், 30 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம், மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் காற்று, இந்த மூன்றும் சேர்ந்தால் தீ கைமீறும் என்று ஒரு கணக்கு உண்டு. இலையுதிர் காலத்தில் வெயில் இதமாக இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். மற்ற இரண்டும் சேர்ந்தாலே புல் தீ வேகமாக ஓடும்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது வானிலை அறிவிப்பு அல்ல, அந்த இனிப்பு வாசனைதான். அது பதமான வாசனை அல்ல. போருக்குள் தீவனம் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈரத்தோடு கட்டிய தீவனத்தில் நுண்ணுயிர்கள் பெருகிச் சூட்டைக் கிளப்பும். அந்தச் சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் அப்புறம் நுண்ணுயிர் இல்லாமலே தானாக ஏறும். வெளியிலிருந்து ஒரு பொறியும் வர வேண்டியதில்லை. கட்டிய முதல் 6 வாரம்தான் இதற்கு ஆபத்தான காலம். நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள்.

குதிரைமசாலில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். இலை நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்கும், தண்டு பச்சையாகவே இருக்கும். இலை உதிர்ந்து வீணாகிறதே என்று அவசரப்பட்டுக் கட்டிவிடுவோம். தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோல் உரிந்து வந்தால் இன்னும் கட்டும் பதம் வரவில்லை. ஈரம் 18 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கொஞ்சம் இலை போனால் போகட்டும்.

இன்றே ஒரு நீளமான இரும்புக் குழாயைப் போரின் நடுவரை செருகி, அதற்குள் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். போர் மேல் ஏறினால் பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை இன்னொருவர் பிடித்திருக்கும்போது மட்டும் ஏறுங்கள். உள்ளே வெந்து குழியாகியிருந்தால் ஆள் அப்படியே இறங்கிவிடுவார். 55 டிகிரி என்றால் காலையும் மாலையும் பாருங்கள். 65 தொட்டால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, தண்ணீர் தயாராக வைத்துக்கொண்டு, காற்று வருவதற்கு முன்பே போரைப் பிரித்து வெட்டவெளியில் சிறு சிறு குவியலாகப் போடுங்கள். 80 ஆகிவிட்டதா? கை வைக்காதீர்கள். பிரித்தால் காற்றுப் பட்டுக் குப்பென்று பற்றும். மாடுகளை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுங்கள்.

பொடியை வாங்காதீர்கள். கட்டும்போதே ஒவ்வொரு கட்டிலும் கலக்கும் பதப்படுத்தும் அமிலம் என்று ஒன்று உண்டு, அதற்குப் பலன் உண்டு. கட்டி அடுக்கிய போர் மேல் தூவும் எந்தப் பொடியும் நடுவில் இருக்கும் சூட்டை எட்டாது. இது தெரியாமல் விற்றால் அவர் கடை நடத்தக் கூடாது. தெரிந்தே விற்றால் நீங்கள் அந்தக் கடைப் படி ஏறக் கூடாது. அந்தக் காசுக்கு நல்ல வெப்பமானி வாங்குங்கள்.

போர் குளிர்ந்த பிறகும் கொட்டகையை ஒட்டி மறுபடி அடுக்காதீர்கள். குறைந்தது 20 மீட்டர் தள்ளி, சுற்றிலும் மண்ணைச் சுரண்டிவிட்டு, ஒரே போராக இல்லாமல் இரண்டாகப் போடுங்கள்.

வியாழன் முதல் சனி வரை மாடுகளைக் கொட்டகையில் கட்டிவைக்க வேண்டாம். நன்றாக மேய்ந்து தரை தெரியும் நிலத்திலோ, உழுத வயலிலோ, தண்ணீர்த் தொட்டியோடு விடுங்கள். கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். உள்வாசல்களைத் திறந்தும் சாலைப் பக்க வாசலை மூடியும் வையுங்கள்.