விஆர் தெரபியால் போதைப் பழக்கம் போகுமா?

யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் "ஹெட்செட் மாட்டினால் போதும், மாத்திரையே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருப்பதைப் பார்த்தால், வீட்டில் தம்பியோ மகனோ இருக்கிறார், அவருடைய மாத்திரை அட்டையைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு வெறுத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் ஹெராயினில் கிடந்தவன். விஆர் சிகிச்சையும், அதாவது கண்ணில் மாட்டும் ஹெட்செட்டில் மெய்நிகர் உலகத்தைக் காட்டிச் செய்யும் சிகிச்சையும் எடுத்திருக்கிறேன், ஹெராயின் ஆசையை அடக்கும் புப்ரெனார்பின் மாத்திரையை இன்றும் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

முதல்முறை மாட்டியதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பழைய வீடியோ கேம் மாதிரி ஒரு அறை, சோபா, மேசைமேல் சில்வர் பேப்பர், லைட்டர். எதிரில் இருந்த பொம்மை ஆளுக்கு விரல்கள்கூட ஒழுங்காகப் பிரியவில்லை. இதைப் பார்த்தா ஆசை வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் லைட்டரைத் தட்டினான். அந்த 'டிக்' காதில் விழுந்ததும் எனக்கு வயிறு கலக்கிவிட்டது, நிஜமாகவே கக்கூஸுக்கு ஓட வேண்டும் போல. சரக்கு கைக்கு வரப்போகிறது என்றாலே வயிறு இளகும் என்பது ஹெராயின் அடித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லி மாளாது. பக்கத்திலிருந்து கவுன்சிலர் "ஆசை இப்போ பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். விரல் கிளிப்பில் துடிப்பு ஏறுவது அவருக்குத் தெரிவதால் குறைத்துச் சொல்லவும் முடியாது. கழற்றும்போது ஹெட்செட்டின் பஞ்செல்லாம் வியர்வை.

சரி, ஆசையைக் கிளப்பி என்ன பயன்? பாவ்லோவின் நாய்க்கு மணியடித்தால் எச்சில் ஊறியதே, எங்களுக்கு லைட்டர் சத்தம்தான் மணி. சோறு போடாமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எச்சில் வற்றும் என்பது கணக்கு. உயரத்தைக் கண்டு பயப்படுபவர்களுக்கு விஆர் பலன் தருவதை 1995லேயே காட்டிவிட்டார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் போர்ட்னிக் குழு சிகரெட், மது, ஹெராயின் என்று வரிசையாக மெய்நிகர் அறைகளை உருவாக்கியது. கிளப்புவதில் குறையே இல்லை, அணைப்பதில்தான் சிக்கல். ஹெட்செட் இல்லாமல் படம், பொருள் என்று காட்டிச் செய்த இதே முறையை 2002இல் காங்க்ளின், டிஃபனி என்ற இரு ஆய்வாளர்கள் அலசிவிட்டு, நம்பும்படியான பலன் தெரியவில்லை என்று எழுதினார்கள். காரணம் எலிகளிடமே தெரிந்ததுதான்: ஒரு கூண்டில் மறக்கடித்த பழக்கம் வேறு கூண்டுக்கு மாற்றியதும் திரும்பி வந்துவிடும். மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் இதைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார். சிகிச்சை அறையில் வற்றிய ஆசை பழைய நண்பனின் வீட்டு வாசலில் ஊறத்தான் செய்யும்.

எனக்கு உதவியது வேறு. வயிறு கலங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே "வேண்டாம், கிளம்புகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, எழுந்து, கதவு வரை போகப் பழக்கினார்கள். நிதானமாக இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியாது? ஆசை ஏறிய உடம்போடு சொல்லிப் பழகியதுதான் வெளியே கைகொடுத்தது.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். மாத்திரைக் கம்பெனியிடம் காசு வாங்கிவிட்டேன் என்று சிலர் கிளம்புவார்கள், கிளம்பட்டும். புப்ரெனார்பினும், அதே வேலையைச் செய்யும் மெத்தடோன் என்ற மருந்தும் 2005இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. ஓபியாய்டுகாரர்கள், அதாவது ஹெராயின் வகைப் போதையில் இருப்பவர்கள், சாவதைக் குறைப்பதாக உறுதியாகத் தெரிந்தவை இவைதான். ஹெராயினை நிறுத்திவிட்டு மாத்திரையும் இல்லாமல் சும்மா இருந்தால் உடம்பு தாங்கும் அளவு இறங்கிவிடும், பிறகு ஒருநாள் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். உங்கள் ஆள் மெத் (மெத்தாம்ஃபெட்டமைன்) எடுப்பவர் என்றால் கதை வேறு, அதற்கு இப்படியொரு மாத்திரை கிடையாது. அங்கே விஆருக்கு வேலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, கேட்காததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போதை மீட்பு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் மேலே ஒரு ஊசி, கரண்டி, வெள்ளைப் பொடி படம் போடுகிறார்களே, யாருக்காக? அதைப் படிக்க வருகிறவன்தானே ஐயா அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாதவன்! எனக்குக் கவுன்சிலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டியதை நீங்கள் காலை நேரத்தில் ஓசியில் காட்டுகிறீர்கள். நோய் என்று கட்டுரையில் எழுதிவிட்டு, படத்தில் மட்டும் இருட்டறையும் குற்றவாளியும்.

விஆர் எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுத்து தனியாக உட்கார வைக்காதீர்கள், அது நெருப்பை மட்டும் பற்ற வைக்கும். மையத்தில் என்றால், முடிந்த பிறகு ஆசை இறங்கும்வரை உட்கார வைக்கிறார்களா, கழற்றியதும் தெருவுக்கு அனுப்பிவிடுகிறார்களா என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றால் அங்கே சேர்க்காதீர்கள், கருவி எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி.