வாசகர் கேள்வி–பதில்: கல்கியின் நாவல்களை எந்த வரிசையில் படிப்பது?

கேள்வி: கல்கியின் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகிய மூன்றையும் புத்தகக் கண்காட்சியில் ஒன்றாக வாங்கினேன். சரித்திரக் காலப்படி சிவகாமிதான் முதலில் வருகிறது என்கிறார் என் அண்ணன். கடைக்காரரோ பார்த்திபன் கனவில் தொடங்கச் சொன்னார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, திருவாரூர்)

பதில்: கடைக்காரர் சொன்னதையே கேளுங்கள். அண்ணன் சொல்லும் தகவலில் தவறு எதுவும் இல்லை. மகேந்திர பல்லவர் காலத்தில் தொடங்கி, அவர் மகன் நரசிம்மவர்மர் என்ற மாமல்லர் வாதாபியை வெல்வது வரையில் நீள்வது சிவகாமியின் சபதம். அதே மாமல்லர் நடுவயதுச் சக்கரவர்த்தியாக அரசாளும் காலத்தில் நடப்பது பார்த்திபன் கனவு. ஆனால் கல்கி எழுதிய வரிசை இதற்கு நேர்மாறானது. 1941-இல் கல்கி இதழ் தொடங்கப்பட்ட சில மாதங்களிலேயே பார்த்திபன் கனவு அதில் தொடராக வரத் தொடங்கிவிட்டது. சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை வெளிவந்தது. அதாவது, பின்கதையை முதலில் எழுதிவிட்டு, முன்கதையைப் பிறகு எழுதினார். இரண்டில் எதைப் பின்பற்றுவது என்ற குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

எழுதிய வரிசையே சிறந்தது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம், பார்த்திபன் கனவு நம்மை எந்தக் கரையில் நிறுத்துகிறது என்பதுதான். கதை உறையூருக்கு அருகில், காவிரியின் தோணித்துறையில், பொன்னன் என்ற படகோட்டியின் குடிசையருகே தொடங்குகிறது. காஞ்சியிலிருந்து கப்பம் கேட்டு வரும் பல்லவத் தூதர்களை நாம் அந்தப் படகோட்டியின் கண்களால் பார்க்கிறோம். சிற்றரசனாகச் சுருங்கிப்போன பார்த்திப சோழன், சோழ நாட்டின் வருங்காலப் பெருமையைத் தன் கையாலேயே ஓவியங்களாகத் தீட்டி ஒரு மண்டபத்தில் பூட்டி வைத்திருக்கிறான். போருக்குப் புறப்படுமுன் அவற்றைச் சிறுவனான மகன் விக்கிரமனுக்குக் காட்டுகிறான். புலிக்கொடி கடல் கடந்து பறப்பதாக அப்பா வரைந்து வைத்த படங்களை அந்தப் பிள்ளை பார்க்கும் இடத்தில், நாம் முழுக்க முழுக்க உறையூர்ப் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். காஞ்சிச் சக்கரவர்த்தி நமக்கு அந்நியர், எதிரி. பிறகு அந்த எண்ணத்தைக் கல்கி எப்படி மெல்ல மெல்ல அசைக்கிறார் என்பதில்தான் நாவலின் சுவை இருக்கிறது. சிவகாமியின் சபதத்தின் நான்கு பாகங்களையும் முடித்துவிட்டு வருபவருக்கு மாமல்லர் பழகிய கதாநாயகர். அவருடைய காதலையும் துயரத்தையும் கூடவே இருந்து பார்த்தவர், வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தில் பார்த்திபன் பக்கம் மனத்தை முழுதாகக் கொடுக்க மாட்டார்.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. பார்த்திபன் கனவு ஒரு மர்ம முடிச்சின் மேல் கட்டப்பட்ட கதை. அந்தப் போர்க்களத்தில் ஒரு சிவனடியார் வந்து நிற்கிறார்; அவர் யார் என்ற கேள்வி பல அத்தியாயங்களுக்கு நம்மை இழுத்துச் செல்கிறது. விடையை இங்கே சொல்லி உங்கள் சாபத்துக்கு ஆளாக எனக்கு விருப்பமில்லை. சிவகாமியின் சபதத்திலோ மாறுவேடமும் ஒற்றர் வேலையும் மிக விரிவாகக் கையாளப்பட்டுள்ளன. அதில் பழகிய கண்ணுக்கு, பார்த்திபன் கனவின் முடிச்சு சில அத்தியாயங்களிலேயே அவிழ்ந்துவிடும். அதே நாவலில் வரும் வேறொரு பயங்கர மனிதரின் பூர்வ கதையும் சிவகாமியின் சபதத்தில்தான் இருக்கிறது. அதை முன்பே படித்தவருக்கு இறுதி அத்தியாயங்களின் திடுக்கிடல் பாதியாகக் குறைந்துவிடும்.

அப்படியானால் பார்த்திபன் கனவை முதலில் படித்தால் சிவகாமியின் சபதம் கெடாதா என்று உங்கள் அண்ணன் கேட்பார், கேட்கவும் வேண்டும். வாதாபி யார் கையில் வீழ்ந்தது என்பது பள்ளிப் பாடநூலிலேயே உள்ளது. மாமல்லரின் குடும்ப வாழ்க்கை பற்றிப் பார்த்திபன் கனவு தரும் செய்தி, சிவகாமியின் காதல் எங்கே போய் முடியும் என்பதை ஓரளவு காட்டிக்கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கல்கியே தம் நான்காம் பாகத்துக்குச் ‘சிதைந்த கனவு’ என்று பெயர் சூட்டி, முடிவை மூடி மறைக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்பதைச் சொல்லிவிட்டார். ஆயனரின் மகள் சிவகாமியும் பல்லவ இளவரசரும் பிரிந்த கதை முடிவு தெரிந்த பிறகும் நெஞ்சை வருத்தும்; சிவனடியார் யாரென்று தெரிந்த பிறகு பார்த்திபன் கனவை முதன்முறை படிப்பது போலப் படிக்க வழியே இல்லை.

அண்ணனுடைய வரிசையை மறுவாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்வி கற்பதற்காக வேலும் கையுமாகக் காஞ்சிக்கு நடந்து வரும் திருச்செங்காட்டங்குடி இளைஞன் பரஞ்சோதியை முதலில் பார்த்துவிட்டு, பிறகு பார்த்திபன் கனவில் அவரையே முதிய சிறுத்தொண்டராகச் சந்திப்பது தனி அனுபவம்.

பொன்னியின் செல்வனைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் இல்லை. அது 1950-இல் தொடங்கி 1954 வரை வெளிவந்தது. கதையும் பல்லவ நாவல்களுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிந்தியது. தனியாகவே படிக்கலாம். ஆயினும் பார்த்திபன் கனவின் கடைசிப் பக்கங்கள், பார்த்திபன் கண்ட கனவு ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில் நிறைவேறியதைச் சொல்லித்தான் முடிகின்றன. அதைப் படித்தபின், ஆதித்த கரிகாலன் மாமல்லபுரத்துக் கடற்கரையில் அறிமுகமாகும் இடத்துக்கு வந்தால், அந்தக் கற்கோயில்கள் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

ஓர் எச்சரிக்கை. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பிறகு எத்தனையோ பதிப்பகங்கள் அவற்றை வெளியிடுகின்றன. பின்னட்டைக் குறிப்பையும் பிறர் எழுதிய முன்னுரையையும் கதை முடிந்த பிறகு படியுங்கள். சிவனடியாரின் ரகசியத்தை அங்கேயே போட்டு உடைத்துவிடும் உரைகளும் உண்டு.

கேள்வி: எங்கள் கிளை நூலகத்தில் பொன்னியின் செல்வனின் முதல் பாகம் எப்போதும் யாரிடமாவது இருக்கிறது. இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கினால் என்ன? படம் பார்த்துவிட்டதால் கதை தெரியும். (வாசகர், தேனி)

பதில்: தொடங்காதீர்கள். ‘புது வெள்ளம்’, ‘சுழற்காற்று’, ‘கொலை வாள்’, ‘மணிமகுடம்’, ‘தியாகச் சிகரம்’ என்னும் ஐந்தும் ஐந்து நாவல்கள் அல்ல. தொடராக வந்த ஒரே நாவலின் ஐந்து பாகங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனுக்கு ஊரும் தெரியாது, அரண்மனைச் சதியும் தெரியாது. அவன் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளும்போதுதான் நமக்கும் தெரிகிறது. முதல் பாகத்தைத் தவிர்த்தால் அவனோடு சேர்ந்து அறியும் அந்த வாய்ப்பு போய்விடும். 2022-இலும் 2023-இலும் வந்த படங்கள் இரண்டும், ஐந்து பாகங்களையும் சுருக்கி, தேவைக்கேற்ப மாற்றி எடுக்கப்பட்டவை. அவற்றை முன்கதைச் சுருக்கமாகக் கொள்ள முடியாது. வார இதழில் தொடராக வந்த காலத்தில் நடுவில் சேர்ந்த வாசகர்களும், தவறவிட்ட இதழ்களை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி, அத்தியாயங்களைக் கிழித்துப் பைண்டு செய்து முதலிலிருந்துதான் படித்தார்கள். நூலகரிடம் முதல் பாகத்துக்கு உங்கள் பெயரைப் பதிந்து வையுங்கள். அதுவரை அலமாரியில் பார்த்திபன் கனவு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே புத்தகம்தான்.

கேள்வி: பொன்னியின் செல்வனுக்குப் பிறகு உடனே ‘உடையார்’ படிக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: படிக்கலாம், ஆனால் அடுத்த பாகம் என்று நினைத்துத் திறக்காதீர்கள். பாலகுமாரன் கல்கியின் கதையைத் தொடரவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டும் ராஜராஜனைத் தம் பார்வையில் தனியாக எழுதினார். தொடர்ச்சிதான் வேண்டுமென்றால் விக்கிரமன் எழுதிய ‘நந்திபுரத்து நாயகி’ இருக்கிறது.

கேள்வி: சுஜாதாவின் கணேஷ்–வசந்த் நாவல்களையும் வந்த வரிசையில்தான் படிக்க வேண்டுமா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்கும் அந்தந்தப் புத்தகத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒன்றில் நடந்தது தெரியாமல் மற்றொன்று புரியாது என்பது இல்லை. 1968-இல் வந்த ‘நைலான் கயிறு’ நாவலில் கணேஷ் மட்டுமே வருகிறார், வசந்த் பின்னால் வந்து சேர்ந்தவர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், அதைக் கையில் எடுக்கும்போது வசந்தின் குறும்புப் பேச்சைத் தேடி ஏமாற மாட்டீர்கள். உண்மையில் அந்த இருவரும் நன்றாகக் கூடிவந்த பிற்கால நாவல் ஒன்றில் தொடங்கி, பிடித்துப்போன பிறகு பின்னோக்கிப் போவதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் இதே சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வுக்கும் ‘மீண்டும் ஜீனோ’வுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி முதல் நாவலில் எப்படி வளர்ந்தது என்று தெரியாமல் இரண்டாவதை எடுத்தால், அதன் மேல் மற்றவர்கள் ஏன் இத்தனை பிரியம் வைக்கிறார்கள் என்பதே உங்களுக்குப் புரியாது.