மூடு இல்லாத நாள்ல ஃப்ரீலான்ஸ் வேலை: கேளுங்க, சொல்றேன்

12 வருஷமா திருச்சில வீட்ல இருந்தே மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் வேலை பண்றேன். வேலை ஓடாத நாளைப் பத்தி என்ன வேணாலும் கேளுங்க. இன்கம்டாக்ஸ் மட்டும் வேணாம், அதுக்கு ஆடிட்டர பாருங்க.

கேள்வி: ரெண்டு வாரமா லேப்டாப்ப திறந்தா கை யூட்யூபுக்குத்தான் போகுது. வெள்ளிக்கிழமை டெட்லைன். எப்படி ஆரம்பிக்கிறது?

மூடு வரட்டும்னு உக்காந்திருந்தா வராதுங்க, வேலைல கைய வச்ச பிறகுதான் அது மெதுவா வரும். நான் ராத்திரி லேப்டாப்ப மூடும்போது ஒரு வாக்கியத்த பாதிலயே விட்டுட்டு அடுத்து என்ன வரும்னு பக்கத்துல ரெண்டு வார்த்தை எழுதி வச்சிருவேன், காலைல யோசிக்காம அந்த வாக்கியத்த முடிச்சா போதும், அதுக்குள்ள அடுத்த பத்தி வந்துரும். அப்புறம் போன அடுத்த ரூம்ல வச்சிட்டு 25 நிமிஷம் டைமர், 5 நிமிஷம் ரெஸ்ட். இத்தாலிக்காரர் ஃப்ரான்செஸ்கோ சிரில்லோ 1980கள்ல காலேஜ் படிக்கும்போது தக்காளி மாதிரி இருக்கிற கிச்சன் டைமர வச்சு கண்டுபிடிச்ச முறை இது, பேரு பொமொடோரோ; பொமொடோரோன்னா இத்தாலியன்ல தக்காளி. ஒரு நாளைக்கு நாலு தக்காளி, அதாவது நாலு 25 நிமிஷம், முடிஞ்சா உங்க வெள்ளிக்கிழமை தப்பிச்சிரும்.

கேள்வி: நான் கோடர். 25 நிமிஷத்துல மணி அடிச்சா ஃப்ளோ போயிருதே?

அப்ப 50 வைங்க. ஓட ஆரம்பிச்சிட்டா டைமரே வேணாம்.

கேள்வி: காலைல 5 மணிக்கு எழுந்திரிக்கணுமா?

வேணாம். ஏழு மணி நேரம் தூங்குங்க, தினமும் ஒரே நேரத்துல உக்காருங்க.

கேள்வி: அண்ணா, நான் டிசைனர், கோயம்புத்தூர். ஒரு கம்பெனி மூணு மாச பில்ல நிறுத்தி வச்சிருக்கு. அவங்களோட அடுத்த லோகோவ தொடவே மனசு வரல. நான் சோம்பேறி ஆயிட்டேனா?

இல்ல தம்பி. காசு வராத வேலைய மனசு தள்ளத்தான் செய்யும். எனக்கும் ஒரு ஏஜென்சி ஆறு மாசம் இழுத்தடிச்சப்ப நான் டைம் டேபிளா மாத்தி மாத்தி போட்டேன், பணம் வந்த மறுநாளே வேலை ஓடுச்சு. நீங்க உத்யம்ல, அதாவது சின்ன தொழில்களுக்கான மத்திய அரசு பதிவுல, பதிவு பண்ணுங்க, ஆதாரும் பேனும் போதும், ஃப்ரீ. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா, நீங்க முடிச்சுக் குடுத்த வேலைய அவங்க ஏத்துக்கிட்ட 15 நாள்ல காசு தரணும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளத் தாண்டக்கூடாது. தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற 'பேங்க் ரேட்'ல மூணு மடங்கு கூட்டு வட்டி. பதிவுக்கு முன்னாடி முடிச்ச வேலைக்கு இத வச்சு கேக்கறது கஷ்டம், அதனால இன்னிக்கே பண்ணிருங்க. அட்வான்ஸ் இல்லாம ஃபைல திறக்காதீங்க!

கேள்வி: சட்டம் பேசினா கிளையண்ட் போயிருவாங்க சார். நடைமுறை தெரியாம சொல்லாதீங்க.

நான் நோட்டீஸ் அனுப்ப சொல்லலியே. இன்வாய்ஸ்ல உத்யம் நம்பரும் கட்ட வேண்டிய தேதியும் போடுங்கன்னுதான் சொல்றேன். 2023 பட்ஜெட்ல வந்த மாற்றத்துக்கு அப்புறம், குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த கெடுவுக்குள்ள காசு தரலன்னா அந்த வருஷம் வேலை வாங்குற கம்பெனி அத வரிக் கணக்குல செலவா காட்ட முடியாது, குடுத்த வருஷம்தான் காட்டலாம். அதனால அவங்க அக்கவுண்ட்ஸ் ஆளே மார்ச்சுக்குள்ள முடிக்கப் பாப்பாரு.

கேள்வி: அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு. எனக்கு இருக்கிறதே ரெண்டு கிளையண்ட், ரெண்டும் துபாய்.

வெளிநாட்டு கிளையண்ட்ட இந்த சட்டம் பேசாது, நீங்க சொல்றது சரி. அங்க அட்வான்ஸ் ஒண்ணுதான் காவல். பாதி முன்னாடி, மீதி ஃபைனல் ஃபைலுக்கு முன்னாடி. ஆனா ரெண்டே கிளையண்ட்ட மொத்த வருமானத்தையும் வச்சிட்டு ஒவ்வொரு மெயிலுக்கும் பயந்துட்டு இருந்தா வேலைல எப்படிங்க மனசு நிக்கும்? வாரத்துக்கு ஒரு மணி நேரம் மூணாவது ஆளைத் தேட ஒதுக்குங்க.

கேள்வி: எந்த ஆப் நல்லது?

நோட்டும் பேனாவும். இன்னிக்கு மூணு வேலை, அதுக்கு மேல எழுதாதீங்க.

கேள்வி: அஞ்சு மணிக்கு எழுந்தா...

மேல சொல்லிட்டேன்.

கேள்வி: ஒரு மாசமா எதுலயும் பிடிப்பில்ல. சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல. டைமர் வச்சும் பாத்துட்டேன்.

உங்களுக்கு டைமர் வேணாம்ங்க, டாக்டர பாக்கணும். ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா அது சோம்பேறித்தனம் இல்ல. 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். இப்பவே போடுங்க. கிளையண்ட்டுக்கு "உடம்பு சரியில்ல, பத்து நாள் வேணும்"னு ஒரு வரி போதும், அதுக்கு மேல விளக்க வேண்டியதில்ல. வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டு படுங்க.

கேள்வி: அண்ணா, லோகோ தம்பிதான். உத்யம் பதிவு பண்ணிட்டேன். இப்ப அந்த லோகோவ முடிக்கட்டுமா?

பழைய பில்லுக்கு ஒரு தேதி கேட்டு மெயில் போடுங்க. பதில் வர்ற வரைக்கும் வேற கிளையண்ட்டோட ஃபைல திறங்க.