நாவலுக்குக் கதைத்திட்டம் போடும்போது வேகத்தை எப்படிக் கையாள்வது? நடுப்பகுதி தொய்ந்துவிடுகிறதே?

நூறு பக்கம் எழுதிவிட்டீர்கள், படித்த நண்பர் ஒருவர் "நடுவுல இழுக்குதுப்பா" என்று சொல்லிவிட்டார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அது நடந்தது. "ஒரு கொலையைப் போடு, வேகம் வந்துரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன். இழுத்த இடம் இழுத்தபடியே இருந்தது.

நான் கம்பத்துக்காரன். எங்கள் பக்கத்திலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றியது என் நாவல். சிலர் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிடுவார்கள். என் பெரியம்மா அப்படித் தங்கியவர். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவே முல்லைப் பெரியாறு அணைப் பிரச்னை முற்றி, குமுளியில் பாதை அடைபட்டபோது, தோட்டங்களில் இருந்த தமிழ்க் கூலியாட்கள் பலர் காட்டு வழியாக இறங்கி வந்தார்கள். பெரியம்மாவும் ஒரு ராத்திரி முழுக்க நடந்து வந்தார். அந்த ராத்திரியை எழுதத்தான் நான் பேனாவையே எடுத்தேன்.

முதல் பிரதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன், அவருக்குப் படிக்கத் தெரியாது. கதையில் வரும் கல்யாணத்துக்கு 60 பக்கம், பந்தி, மொய், சம்பந்தி சண்டை எல்லாம் உண்டு. கேட்டுச் சிரித்தார். மலை இறங்கும் அத்தியாயம் முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஏப்பா, அந்த ராத்திரி விடியவே மாட்டேன்னுச்சு. நீ நாலு தாள்ல விடிய வச்சுட்டியே."

உண்மைதான், 4 பக்கம். தப்பி ஓடுகிறார்கள், அதனால் வேகமாகச் சொல்ல வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியங்களாக ஓடவிட்டிருந்தேன்.

அன்றைக்கே ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். எந்த அத்தியாயம், கதைக்குள் எத்தனை நாள் ஓடுகிறது, எத்தனை பக்கம், படிப்பவர் எதைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார். கல்யாண அத்தியாயங்களுக்கு நேரே நான்காவது கட்டம் காலி. காத்திருக்க ஒன்றும் இல்லாத இடத்தில் பத்துப் பக்கம்கூட இழுக்கும். என் கோளாறு அங்கே இருந்தது.

ஜெரார் ஜெனெத் என்ற பிரெஞ்சு விமர்சகர் 1972இல் கதை ஓடும் வேகத்தை நான்காகப் பிரித்து எழுதினார். கதை நின்று வர்ணனை மட்டும் ஓடுவது நிறுத்தம். நடப்பது நடந்தபடியே வருவது காட்சி. மாதங்களைச் சில வரிகளில் சொல்வது சுருக்கம். சொல்லாமலே தாண்டிவிடுவது தாவல். என் நோட்டில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இதில் ஒன்றைக் குறித்தேன். கல்யாணம் சுருக்கமாகி 9 பக்கத்துக்கு வந்தது. அதற்கடுத்த இரண்டு வருஷத்தை ஒரே வரியில் தாண்டினேன்.

மலை இறங்கும் ராத்திரியைத் திருத்தி எழுத மறுபடி பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போர்த்தியது, டார்ச்சை முந்தானையில் பொத்திக்கொண்டு காலடிக்கு மட்டும் வெளிச்சம் விட்டது, எல்லாம் சொன்னார். ஒரு திருப்பத்தில் கீழே கம்பம் விளக்குகள் தெரிந்தனவாம். தெரிந்த பிறகும் இறங்கி முடிக்க மூன்று மணி நேரம் ஆனதாம். நான் தேடிய இடம் அதுதான். விளக்கு தெரிவதற்கும் ஊர் சேர்வதற்கும் நடுவில் மட்டும் 17 பக்கம் எழுதினேன். படித்தவர்களில் ஒருவர்கூட அந்த இடம் இழுக்கிறது என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் அவர் பேச்சில் கிடைத்தது. ஏலச்செடியின் சரத்தில் பூ, பிஞ்சு, முற்றிய காய் மூன்றும் சேர்ந்தே இருக்கும். முற்றியதை மட்டும் எடுத்துவிட்டு, நாற்பது நாள் போல கழித்து அதே செடிக்குத் திரும்ப வருவார்கள். நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: இந்த அத்தியாயத்தில் எந்தக் கேள்வி முற்றுகிறது, எது பிஞ்சாக நிற்கிறது? எல்லாக் கேள்வியையும் ஒரே இடத்தில் பறித்துப் போட்டிருந்த அத்தியாயங்கள் உடனே கண்ணில் பட்டன.

ஒரே ஒரு நாவல் எழுதியவனுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொல்கிறேன். மெதுவாக எழுதுவதே இலக்கியம் என்றும் நான் சொல்லவில்லை. துப்பறியும் கதைக்கும் இதே நோட்டு உதவும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி பெரியம்மா கூட்டத்துக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்து, ஒற்றையடிப் பாதை வரை கூட்டி வந்து விட்டவர் ஒரு மலையாளத்துச் சேச்சி. "சூக்ஷிச்சு போணம்" என்று சொல்லி அனுப்பினாராம். அச்சுக்குப் போன இடத்தில் மெய்ப்புத் திருத்தியவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சேச்சியை எல்லாம் அக்கா ஆக்கி, அந்த வாக்கியத்தைப் "பார்த்துப் போங்கள்" என்று மாற்றிவிட்டார். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் கண்டு பயந்திருந்த நேரத்தில் கதவைத் திறந்தவர் அவர். அவருடைய பாஷையை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியில் என்ன மிச்சம்? எல்லைப் பகுதியில் நாங்கள் இப்படித்தான் பேசுகிறோம், அது பிழை இல்லை. அடுத்த பதிப்பு வந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்வேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இழுக்கிறது என்று சொன்ன நண்பரிடம் காரணம் கேட்காதீர்கள், எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தார் என்று மட்டும் கேளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு அத்தியாயங்களுக்கு மட்டும் இந்தக் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள்.