திரும்பத் திரும்ப வரும் குரூப்: பெற்றோர் கேள்விகளுக்குக் குழந்தைநல மருத்துவர் பதில்

கேள்வி: இரண்டரை வயது மகனுக்குச் சளி பிடித்தாலே நடுராத்திரியில் நாய் குரைப்பது மாதிரி இருமல். இந்த வருஷம் இது மூன்றாவது தடவை. வீசிங் என்று சொல்லி நெபுலைசர் வைக்கிறார்கள். சரிதானா டாக்டர்?

பதில்: நீங்கள் சொல்வது குரூப் (croup) என்ற தொண்டை வீக்கம் போல இருக்கிறது. குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே மூச்சுப்பாதை வைரஸால் வீங்கிவிடும். பாராஇன்ஃபுளுயன்சா வைரஸ்தான் முக்கியக் காரணம். அந்த இடத்தைச் சுற்றிக் குருத்தெலும்பு முழு வளையமாக இருப்பதால், வீக்கம் உள்பக்கமாகத்தான் அடைக்கும்.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று வந்தால் அடைப்பு குரல்வளைப் பக்கம். வெளியே விடும்போது விசில் மாதிரி வந்தால் அது வீசிங். நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமால் மருந்து வீசிங்குக்குக் கேட்கும், குரூப்புக்குக் கேட்காது. குரூப்புக்கு மருந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, பெரும்பாலும் ஒரே வேளை. திணறல் அதிகமானால் மருத்துவமனையில் அட்ரினலின் நெபுலைசர் வைத்து, சில மணி நேரம் கண்காணிப்பார்கள். விடிந்ததும் குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும், டாக்டரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் அடுத்த முறை வந்தால், திணறல் இல்லாத பட்சத்தில், சத்தம் கேட்கும்படி போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். எனக்கு அது எந்த ரிப்போர்ட்டையும்விட உதவும்.

கேள்வி: கழுத்து எக்ஸ்ரே வேண்டுமா?

பதில்: சாதாரண குரூப்புக்குத் தேவையில்லை. எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் குரூப் இல்லை என்று சொல்ல முடியாது. எதையாவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எடுக்கலாம். ஆனால் நிலக்கடலை மாதிரிப் பொருள் படத்தில் தெரியாது.

கேள்வி: நாலு வயது மகளுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீரென்று வருகிறது, சில மணி நேரத்தில் போய்விடுகிறது. எனக்கு ஆஸ்துமா உண்டு.

பதில்: அலர்ஜி உள்ள குடும்பங்களில் இந்த வகை அதிகம். இரைப்பை அமிலம் மேலேறுவதும் காரணமாக இருக்கலாம், சாப்பிட்டதும் படுக்கிறாளா என்று பாருங்கள். இடைப்பட்ட நாட்களில் மூச்சு சுத்தமாக இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தை, குறைமாதத்தில் பிறந்து வென்டிலேட்டரில் இருந்தான். இரண்டு முறை குரூப் என்றார்கள்.

பதில்: இதை அப்படியே விடக்கூடாது அம்மா. குரூப் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் வருவது. அதற்கு முன்பே வந்தால், அதுவும் மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருந்த குழந்தைக்கு வந்தால், அந்த இடம் தழும்பால் நிரந்தரமாகக் குறுகியிருக்கலாம். சளி பிடிக்கும்போது மட்டும் வெளியே தெரியும். ரத்தநாளக் கட்டியாகவும் இருக்கலாம். தாடை, கழுத்துப் பக்கம் சிவப்பாகத் தடித்த மச்சம் இருக்கிறதா பாருங்கள். அந்தக் கட்டி ஸ்டீராய்டில் கொஞ்சம் சுருங்குவதால் குரூப் என்றே ஏமாற்றும். அதற்கு ப்ரொப்ரனலால் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது. குழந்தைகளுக்கான காது மூக்கு தொண்டை நிபுணரிடம் சீக்கிரம் காட்டுங்கள், என்டோஸ்கோபி தேவைப்படலாம். சளி அடங்கிச் சில வாரம் கழித்துப் பார்த்தால்தான் நிஜமான குறுகல் தெரியும், ஆனால் மூச்சு மோசமானால் காத்திருக்கக் கூடாது.

சளி இல்லாத நாளிலும் சத்தம், குரல் எப்போதும் கம்மியிருப்பது, பால் குடிக்கும்போது புரையேறுவது, எடை கூடாமை, இதில் எது இருந்தாலும் எந்த வயதிலும் இதே ஆலோசனைதான்.

கேள்வி: ராத்திரி வந்தால் ஆவி பிடிக்கலாமா? எப்போது ஓட வேண்டும்?

பதில்: ஆவி வேண்டாம். பலன் இருப்பதற்கு ஆதாரம் இல்லை, வெந்நீர் கொட்டிப் புண்ணாவதுதான் நடக்கிறது. அழுதால் திணறல் கூடும், மடியில் வைத்து அமைதிப்படுத்துங்கள். சும்மா இருக்கும்போதே சத்தம், விலா உள்வாங்குவது, உதடு நீலம், துவண்டு போவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள். கடும் காய்ச்சலோடு எச்சில் ஒழுகி, குரைப்பு இருமலும் இல்லை என்றால் அது வேறு ஆபத்து. தொண்டைக்குள் விரலோ கரண்டியோ விட்டுப் பார்க்காதீர்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். பென்டாவேலன்ட் தடுப்பூசி போடாத குழந்தை என்றால் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயையும் நாங்கள் யோசித்தாக வேண்டும்.