வாசகர் கேள்வி – பதில்: ஒரு நகரமும் அதன் பல்கலைக்கழகமும்

ஐயா, சென்னைப் பல்கலைக்கழகத்தை உலகத் தரமுள்ள ஆய்வு நிறுவனமாக உயர்த்த வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். 1857இல் தோன்றிய அந்தப் பல்கலைக்கழகம் எப்போதாவது அந்த உயரத்தில் இருந்ததுண்டா?
– வாசகர், இராயபுரம்

இருந்தது, ஆனால் பிறந்த நாள் முதலாக அல்ல. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்ட காலத்தில், கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் வேலையாக இருந்தது. தனக்கென்று துறைகளும் ஆசிரியர்களும் வைத்துக்கொண்டு ஆய்வில் இறங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

தாங்கள் கேட்கும் உயரத்துக்கு நான் காட்டக்கூடிய சான்று 1952இல் தொடங்குகிறது. அப்போதைய துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் புதிய இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க சர் சி.வி. ராமனை அழைத்தார். ராமன் தாம் வர மறுத்து, தம் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். ஏறத்தாழ முப்பது வயதே ஆன ஒருவரிடம் முழுத் துறையையும் ஒப்படைக்க முதலியார் தயங்கவில்லை. பணிமூப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் இன்றைய தேர்வுக் குழுக்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த அயர்லாந்தில் பிறந்த அறிவியலாளர் ஜே.டி. பெர்னால், தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாக விளங்கவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கிண்டியில் அவருடைய துறைக்கு அருகிலேயே, 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கொல்லாஜனைப் பற்றி அறிந்தவர்களும் அதன் மாதிரிகளும் நடந்து போகும் தொலைவில் கிடைத்தன. கங்காருவின் வால் தசைநார்தான் எக்ஸ் கதிர்ப் படத்துக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கொல்லாஜன் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்பதை 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர் வெளியிட்டார். 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட, புரத இழை எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று காட்டும் வரைபடம், இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் அதன் சரித்தன்மையைச் சோதிக்கப் பயன்படுகிறது. அதற்கு ராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர்.

முதலியார் 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்தார். ஒருவரே இருபத்தேழு ஆண்டுகள் அப்பதவியில் இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயினும் இன்று கொடுத்த வாக்கை அடுத்த ஆண்டும் அதே அலுவலகம் காப்பாற்றும் என்ற உறுதி ஆய்வாளருக்குக் கிடைத்தது. முதலியார் விலகிய சில காலத்திலேயே ராமச்சந்திரனும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய், அங்கே மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை உருவாக்கினார்.

என் மகள் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அது முன்பு வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கான நகரக் கல்லூரியாக இருந்து, பிறகு பெரிய ஆய்வு நிறுவனமாக மாறியது என்கிறாள். அது எப்படி நடந்தது?
– வாசகி, தஞ்சாவூர்

தங்கள் மகள் சொல்வது சரி. 1927இல் நகரப் பள்ளி வாரியத்தின் கீழ் இரண்டாண்டுக் கல்லூரியாகத் தொடங்கிய அது, 1963இல்தான் மாநில அரசின் பல்கலைக்கழகமானது. ஹூஸ்டன் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தின் அரசியலமைப்பு 1876இலேயே நிலங்களை ஒதுக்கி உருவாக்கிய நிரந்தர நிதி ஒன்று உண்டு. பின்னர் அந்நிலங்களில் எண்ணெய் கிடைத்து அது பெருஞ்செல்வமாக வளர்ந்தது. ஆனால் அதன் பயன் இரண்டு பழைய பல்கலைக்கழகக் குடும்பங்களுக்கு மட்டுமே சென்றது. ஹூஸ்டனுக்கு அதில் பங்கில்லை. பங்கில்லாத நிலையிலேயே 1987இல் பால் சூ என்னும் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும், திரவ நைட்ரஜனின் குளிரிலேயே மீகடத்தும், அதாவது மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும், பொருளைக் கண்டுபிடித்தார்கள். திறமை இருந்தது, நிலையான பணம் இல்லை.

2009இல் டெக்சஸ் வாக்காளர்கள் ஒரு அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். அதன்படி வளரும் பல்கலைக்கழகங்களுக்கென ஒரு நிதி உருவாயிற்று. அந்த நிதியைத் தொடுவதற்கு விதித்த நிபந்தனைகள்தாம் நாம் கவனிக்க வேண்டியவை. போட்டியிட்டுப் பெற்ற ஆய்வுப் பணத்தில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கரைக் கோடி டாலருக்குக் குறையாமல் செலவிட்டிருக்க வேண்டியிருந்தது. அதோடு, ஆண்டுக்கு 200 முனைவர் பட்டங்கள், 40 கோடி டாலர் மூலதன நிதி, ஆசிரியர்களின் தரம் போன்ற ஆறு அளவுகோல்களில் நான்கையாவது எட்டியிருக்க வேண்டியிருந்தது. அளவுகோல் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால், எந்த அமைச்சரையும் பார்த்துக் கும்பிடு போட வேண்டிய தேவை எழவில்லை. 2012இல் முதன்முதலாகத் தகுதி பெற்ற இரண்டு பல்கலைக்கழகங்களில் ஹூஸ்டன் ஒன்று.

இன்னொரு ஏற்பாட்டின்படி, ஆய்வுக்கென்று ஒருவர் இருபது இலட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் கொடை தந்தால் அரசும் அதே அளவு சேர்த்துத் தருவதாக இருந்தது. அதற்குக் குறைந்த கொடைகளுக்குப் பாதி அல்லது முக்கால் பங்கு. அரசு ஒதுக்கிய தொகை போதாமல் இந்த இணைநிதி பாக்கி நின்றதும் உண்டு. எனினும் நகரத்தின் செல்வந்தர்களுக்கு, தங்கள் பணம் பெருகும் என்ற எண்ணம் அதனால் வந்தது. அந்நகரத் தமிழர்களும் அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வு இருக்கை அமைய நிதி திரட்டியவர்கள்தாம்.

அப்படியானால் நமக்கும் ஒரு பெரிய நிதி கிடைத்தால் போதும் அல்லவா?
– வாசகர், வேலூர்

போதாது. 2024 பிப்ரவரியில் வரி நிலுவைக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் பதவி அரசுக்கும் ஆளுநருக்கும் இடையிலான பூசலில் நெடுநாள் நிரப்பப்படாமல் கிடந்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் இடங்களில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துச் சமாளிக்கும் ஒரு துறை, எவ்வளவு பெரிய நிதி வந்தாலும் அதைக் கொண்டு கருவிதான் வாங்க முடியும். அந்தக் கருவியில் ஐந்து ஆண்டுகள் ஒரே கேள்வியைத் துரத்தும் ஆளை வாங்க முடியாது. என்னைக் கேட்டால், புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதை நிறுத்திவிட்டு, காலிப் பணியிடங்களை நிரப்பி முடிப்பதே முதல் வேலை.

நான் அங்கே வேதியியல் படித்தவன். என்னைப் போன்ற பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறோம். தங்கப் பதக்கம் ஒன்று ஏற்படுத்தலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

தங்கள் எண்ணம் நல்லது. ஆனால் பதக்கம் வேண்டாம். நம் ஊரில் கொடையாளர்களுக்குப் பதக்கத்திலும் அறக்கட்டளைச் சொற்பொழிவிலும் பெயர் பொறிப்பதில் இருக்கும் விருப்பம், பழுதான கருவியின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் இருப்பதில்லை. தங்கள் குழுவினர் அந்தக் கட்டணத்தை ஏற்கலாம். அல்லது உதவித்தொகை வர மாதக்கணக்கில் தாமதமாகும்போது ஆய்வு மாணவருக்கு முன்பணமாகத் தருவதற்கென ஒரு சுழல்நிதியை வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது மூன்று ஆண்டுகள் கவலையின்றி ஆய்வகத்தில் இருக்கச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

இதற்கு அந்தப் பல்கலைக்கழகத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1913இல், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜனுக்கு, அவரிடம் பட்டம் எதுவும் இல்லாதபோதும், பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அதற்கு ஈடாக அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை தர வேண்டியிருந்தது. இலண்டனுக்குக் கப்பலேறுவதற்கு முன் அவர் மூன்று அறிக்கைகள் கொடுத்திருந்தார்.