காணாமல்போனோர் வழக்குகளைச் சாதாரண மனிதர் ஒருவர் ஆராய்வதால் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு. ஆனால் அந்தப் பயன் எங்கே இருக்கிறது என்று புரிய எனக்கு நான்கைந்து ஆண்டுகள் பிடித்தன. தொடக்கத்தில் நானும் "யார் செய்தது?" என்ற கேள்வியின் பின்னால்தான் ஓடினேன். கணவர் பேட்டியில் தலையைக் குனிந்துகொண்டார், நண்பர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார் என்று நள்ளிரவு தாண்டியும் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பேன். அந்தக் குறிப்புகளில் ஒன்றுகூட எவருக்கும் உதவவில்லை.

என் பார்வையை மாற்றியது 'கூடாரப் பெண்' வழக்கு. 1968 மே மாதம், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் அருகே, கூடாரத் துணியில் சுற்றப்பட்ட ஓர் இளம்பெண்ணின் உடலைக் கிணறு தோண்டும் தொழிலாளி ஒருவர் கண்டார். யார் என்று தெரியவில்லை. வயது 16 முதல் 19 இருக்கும் என்று கணித்தார்கள். கல்லறைக் கல்லிலும் அப்படியே செதுக்கிவிட்டார்கள். பின்னாளில் அந்தத் தொழிலாளியின் மகளை மணந்தவர் டாட் மேத்யூஸ் என்ற தொழிற்சாலை ஊழியர். மாமனார் சொன்ன கதை அவரை உறங்கவிடவில்லை. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தேடினார். 1998 தொடக்கத்தில், தன் அக்காவைக் காணவில்லை என்று ஒரு தங்கை இணையத்தில் இட்டிருந்த சிறிய அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. அந்த அக்கா கடைசியாக இருந்த ஊர் லெக்சிங்டன், ஜார்ஜ்டவுனுக்குப் பக்கம். உடலைத் தோண்டியெடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். பொருந்தியது. இறந்தபோது அவருக்கு வயது 24.

அந்த 24-ஐக் கவனியுங்கள். 30 ஆண்டுகளாக எல்லோரும் ஒரு பதின்வயதுப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். காணாமல்போனவரோ திருமணமாகிப் பிள்ளை பெற்றவர். 16 என்று கல்லில் எழுதிய பிறகு 24 வயதுப் பெண்ணின் கோப்பை யார் எடுத்துப் பார்ப்பார்கள்?

அன்றிலிருந்து எந்தக் கோப்பைத் திறந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். எவை கண்ணால் கண்டவை, எவை கணித்தவை என்று இரண்டாகப் பிரித்துவிடுவேன். பல்லில் அடைத்த அடைப்பு, முறிந்து கூடிய எலும்பு, அறுவைச் சிகிச்சையில் வைத்த உலோகத் தகடு ஆகியவை கண்டவை. வயது, எடை, இறந்து எத்தனை நாள் என்பவை கணிப்பு. 'நீலச் சட்டை போட்டிருந்தாள்' என்று பதறிப்போன தாய் சொன்னது நினைவு. அதற்கும் தவறும் உரிமை உண்டு. கணிப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் தேடினால் அதுவரை ஒதுங்கிக் கிடந்த பெயர்கள் மேலே வரும்.

அமெரிக்காவின் நேம்அஸ் தரவுத்தளத்தில் காணாமல்போனோர் பட்டியலும் அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலும் உள்ளன. பெரும்பகுதியை யாரும் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்த்து 'இவர் அல்லர்' என்று விலக்கப்பட்டவர்களின் பெயர்களும் அங்கே இருக்கும். எட்டு மாதம் உழைத்து நான் அனுப்பிய ஒரு பொருத்தம் அந்த விலக்குப் பட்டியலில்தான் முடிந்தது. பற்கள் ஒத்துப்போகவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஏமாற்றம் ஒருபுறம், அந்தப் பெண் எங்கோ உயிரோடு இருக்கக்கூடும் என்ற நினைப்பு மறுபுறம்.

ஆளோடு காரும் காணாமல்போயிருந்தால், சதிக் கதைகளுக்குப் போகுமுன் தண்ணீரைப் பாருங்கள். 1997 நவம்பரில் ஃபுளோரிடாவில் ஒருவர் 'சீக்கிரம் வந்துவிடுகிறேன்' என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்; வீடு சேரவில்லை. 2019-இல் ஒருவர் கூகுள் எர்த்தில் தான் முன்பு குடியிருந்த பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குடியிருப்பின் பின்னால் உள்ள குளத்துக்குள் ஒரு காரின் வடிவம் தெரிந்தது. காருக்குள் அவருடைய எச்சங்கள் இருந்தன. 2007 முதலே அந்தச் செயற்கைக்கோள் படத்தில் கார் தெரிந்துகொண்டுதான் இருந்தது. வீடுகளுக்கு அத்தனை பக்கத்தில்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எவர் பெயரையும் குற்றவாளியென்று பொதுவெளியில் எழுதாதீர்கள். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்தபோது, அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல்போயிருந்த கல்லூரி மாணவர் ஒருவரை, முகச்சாயல் ஒத்திருக்கிறது என்று இணையத் துப்பறிவாளர்கள் குற்றவாளியாக்கினார்கள். மகனைத் தேடுவதற்காகக் குடும்பத்தார் திறந்திருந்த பக்கத்தில் வசைகள் குவிந்தன. சில நாள்களில் அவருடைய உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிள்ளை எங்கே என்று தவித்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு, உதவ வந்ததாகச் சொன்னவர்கள் செய்த வேலை இது. உங்களுக்கு ஏதாவது கிடைத்தால் வழக்கை வைத்திருக்கும் காவல் அதிகாரிக்கு எழுதுங்கள்: பக்க எண், தேதி, ஏன் பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை. குடும்பத்தாரை நேரடியாக அழைக்க வேண்டாம். உறுதியாகாத நம்பிக்கை அவர்களைப் பலமுறை உடைத்திருக்கும்.

இப்போது நான் பார்த்துக்கொண்டிருப்பதும் காரோடு மறைந்த ஒருவரின் வழக்குதான். அவர் கடைசியாகக் காணப்பட்ட இடத்திலிருந்து வீடு வரை சாலையையொட்டி 11 நீர்நிலைகள். ஒவ்வொன்றையும் ஆண்டு வாரியாகப் பழைய படங்களில் பார்க்கிறேன். ஏழு முடிந்துவிட்டது.